‘பப்மெட்ல தேடிட்டேன் சார், ஒண்ணும் இல்ல’

எம்.டி. மாணவர்கள் தீசிஸ் புரோட்டோகாலைக் கையில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குள் நுழையும் பருவத்தில் அதிகம் காதில் விழும் வாக்கியம் இது. பப்மெட் என்பது மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளம். பெரும்பாலும் நடந்திருப்பது இவ்வளவுதான்: ஒரே பெட்டியில், ஒரே வரியை, ஒரே எழுத்துக்கூட்டலில் தட்டியிருப்பார்கள். வராததை ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ‘இப்படியொரு ஆய்வு இதுவே முதன்முறை’ என்றும் சேர்த்துவிடுவார்கள். அவசரத்தில் கைடும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ரத்தம் எத்தனை மில்லி எடுக்க வேண்டும், எந்தக் குழாயில் எடுக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அரைப் பக்கம் எழுதுகிற புரோட்டோகாலில், தேடல் எப்படி நடந்தது என்பதற்கு அரை வரிதான் இருக்கும். ஆனால் தேடலும் ஆய்வு முறையின் ஒரு பகுதி. அதைச் செய்யத் தெரிந்தவர் நூலகர். நம் ஊர்க் கல்லூரிகளில் அவரை இன்னமும் பாஸ்வேர்டு கொடுப்பவராகவும் நோ டியூஸ் கையெழுத்து போடுபவராகவும்தான் பார்க்கிறார்கள்.

தேடல் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ நூலகர்கள் எல்லோருக்கும் தெரிந்த நிகழ்வு ஒன்று உண்டு. 2001இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றிய ஓர் ஆய்வு. ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஹெக்ஸாமெத்தோனியம் என்ற பழைய ரத்த அழுத்த மருந்தை மூச்சில் இழுக்கச் சொன்னார்கள். 24 வயதுப் பெண் ஒருவருக்கு முதலில் இருமல் வந்தது, பிறகு நுரையீரல் செயலிழந்தது. ஜூன் 2ஆம் தேதி இறந்துபோனார். அந்த மருந்து நுரையீரலைப் பாதிக்கும் என்று 1950களிலேயே கட்டுரைகள் வந்திருந்தன. ஆய்வாளர் பார்த்தது பப்மெட்டையும் சில பாடநூல்களையும். அன்றைய பப்மெட் 1966க்கு முன்னால் போகாது. எத்திக்ஸ் கமிட்டியும் ‘எங்கே தேடினீர்கள், எந்த ஆண்டு வரை’ என்று குடையவில்லை. ஜூலையில் அமெரிக்க அரசு, அந்தப் பல்கலைக்கழகத்தில் தன் நிதியில் மனிதர்கள் மேல் நடந்த ஆய்வுகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் நிறுத்திவைத்தது.

இன்று 1946இலிருந்து பதிவுகள் பப்மெட்டில் உண்டு. அதனால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பப்மெட்டின் மையப் பகுதியான மெட்லைன் பதிவுகளில் கட்டுரைச் சுருக்கம் சேரத் தொடங்கியதே 1975இல்தான். அதற்கு முந்தைய கட்டுரைக்குத் தலைப்பும் சில குறிச்சொற்களும் மட்டுமே இருக்கும். பக்கவிளைவின் பெயர் தலைப்பில் இல்லையென்றால் எத்தனை முறை தட்டினாலும் அந்தக் கட்டுரை வராது. பழைய மருந்தைப் புது வழியில் கொடுக்கப் போகிறவர்கள் பக்கவிளைவின் பெயரைப் போடாமல், மருந்தின் பெயரை மட்டும் போட்டு, 1975க்கு முந்தைய பட்டியலைக் கண்ணால் ஓட்டிப் பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை.

பப்மெட் பெட்டியில் சொற்களைத் தட்டியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு. அது நாம் எழுதியதை அப்படியே தேடுவதில்லை. ஒவ்வொரு சொல்லையும் மெஷ் என்கிற குறிச்சொல் அகராதியோடு ஒப்பிட்டு, தெரிந்த சொல்லாக இருந்தால் அதற்கு இணையானவற்றைச் சேர்த்து, மீதியை ‘ஆண்ட்’ (எல்லாச் சொல்லும் இருந்தாக வேண்டும்) போட்டுக் கோத்துவிடும். அட்வான்ஸ்டு பக்கத்தில் தேடல் வரலாற்றுக்கு எதிரே ‘டீடெய்ல்ஸ்’ என்ற சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் நம் ஒரு வரி ஐந்தாறு வரியாக விரிந்திருப்பது தெரியும். ஒரு முழு வாக்கியத்தைத் தட்டியவருக்கு ஏன் மூன்றே கட்டுரை வந்தது என்பதற்கான விடையும் அங்கேதான் இருக்கும்: வாக்கியத்தில் இருந்த ‘எஃபெக்ட்’, ‘ரோல்’, ‘டெர்ஷரி கேர் சென்டர்’ எல்லாம் கட்டாய நிபந்தனைகளாகிவிட்டிருக்கும்.

மெஷ் 1960இல் வந்தது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இந்த அகராதியில் ஏறக்குறைய 30,000 தலைச்சொற்கள் கிளை கிளையாக அடுக்கியிருக்கும். ‘டெங்கு’ என்ற தலைச்சொல்லைப் போட்டால் அதன் கீழுள்ள ‘சிவியர் டெங்கு’வும் தானாகவே சேர்ந்து வரும். ஆனால் மெஷ்ஷை மட்டும் நம்பினால் இந்தியக் கட்டுரைகளில்தான் பெரிய ஓட்டை விழும். பப்மெட்டில் இருப்பதெல்லாம் மெட்லைன் அல்ல. முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரல் என்ற சேமிப்பகம் வழியாக மட்டும் உள்ளே வரும் ஜர்னல்களின் கட்டுரைகளுக்கு மெஷ் குறிச்சொல் போடுவதே இல்லை. நம் மாணவர்கள் அதிகம் எழுதும் ‘கியூரியஸ்’ போன்றவை அந்த வகை. மெஷ் மட்டும் போட்டுத் தேடினால் இவை ஒன்றுகூட வராது. இடப்பக்கம் ‘ஹியூமன்ஸ்’ என்ற வடிகட்டியை டிக் செய்தாலும் அதே கதி. அந்த வடிகட்டி ‘ஹியூமன்ஸ்’ என்ற மெஷ் குறியைத்தான் பார்க்கிறது. குறி இல்லாத கட்டுரை மனிதர்களைப் பற்றியதாகவே இருந்தாலும் வெளியே போய்விடும். இந்த ஒரு டிக்கால் தொலைந்த கட்டுரைகளுக்குக் கணக்கே இல்லை.

இதெல்லாம் ஒரு கேள்வியில் எப்படி வந்து மோதும் என்று பார்க்கலாம். டெங்குவுக்கும் சிக்குன்குன்யாவுக்கும் நிலவேம்புக் குடிநீர் பலன் தருகிறதா?

முதல் வேலை கேள்வியைப் பிரிப்பது. யாருக்கு, என்ன தலையீடு, எதோடு ஒப்பிட்டு, என்ன விளைவு என்கிற பைக்கோ சட்டம் எல்லோருக்கும் பாடம். ஆனால் நான்கையும் தேடல் வரியில் போடக்கூடாது என்பதைப் பலரும் சொல்லித்தருவதில்லை. நோய், தலையீடு இரண்டு மட்டும் போதும். ‘பிளேட்லெட்’ என்று விளைவையும் ஆண்ட் போட்டால், பிளேட்லெட்டை அளந்தும் சுருக்கத்தில் அதைச் சொல்லாத கட்டுரைகள் விழுந்துவிடும். பலன் தெரியாத விளைவுகளைத்தான் சுருக்கத்தில் சொல்லாமல் விடுவார்கள். ஆக, விழுவது பெரும்பாலும் ‘பலனில்லை’ என்று கண்டவையாக இருக்கும். ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் ரிவியூ தானாகவே நல்ல பெயரின் பக்கம் சாய்ந்துவிடும்.

நோய்ப் பக்கம் எளிது. டெங்கு, சிக்குன்குன்யா இரண்டின் மெஷ் சொற்களையும், தலைப்பிலும் சுருக்கத்திலும் வரும் அதே சொற்களையும் ‘ஆர்’ (ஏதாவது ஒன்று இருந்தால் போதும்) போட்டுக் கட்டிவிடலாம்.

தலையீட்டுப் பக்கம்தான் வில்லங்கம். இந்தக் குடிநீரில் ஒன்பது சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். ஒன்பதையும் தேடலாமா? சுக்கையும் மிளகையும் போட்டால் குப்பை வந்து கொட்டும். யாரும் முழுசாகப் படித்து முடிக்க மாட்டார்கள். குடிநீரின் பெயரையும் நிலவேம்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு, ‘மற்ற எட்டைத் தனித்தனியாகத் தேடவில்லை, இன்ன காரணம்’ என்று முறைப் பகுதியில் எழுதிவிடுவதே சரி.

அடுத்தது எழுத்துக்கூட்டல். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு யாரிடமும் ஒரே விதி கிடையாது. நிலவேம்பின் வகரத்துக்கு ஒருவர் ‘வி’ போடுவார், இன்னொருவர் ‘டபிள்யூ’ போடுவார். நிலவையும் வேம்பையும் சிலர் சேர்த்தும் சிலர் பிரித்தும் எழுதுவார்கள். குடிநீரின் டகரத்துக்கு ‘d’ போடுபவரும் உண்டு, ‘t’ போடுபவரும் உண்டு. நீகாரத்துக்கு இரட்டை ‘ஈ’, ஒற்றை ‘ஐ’ என்று இரண்டு வழி. இத்தனையையும் ஆர் போட்டு எழுத வேண்டும். அதோடு தாவரவியல் பெயரான ஆண்ட்ரோகிராஃபிஸ் பானிகுலாட்டா, வடநாட்டில் வழங்கும் கால்மேக், பேரினத்துக்கான மெஷ் சொல், ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற வேதிப்பொருள். கடைசியதைச் சேர்த்தால் ஆய்வுக்கூடக் கட்டுரைகள் நிறைய வரும். மனித ஆய்வு மட்டும் போதுமென்றால் அதை விட்டுவிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மேற்கோள்குறியிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘நிலவேம்பு குடிநீர்’ என்று குறிக்குள் ஒரு சொற்றொடரைப் போடும்போது, அது பப்மெட்டின் சொற்றொடர்ப் பட்டியலில் இல்லையென்றால், பப்மெட் குறியைக் கழற்றிவிட்டு இரண்டு சொற்களையும் தனித்தனியாகத் தேடும். மேலே மஞ்சள் பட்டையில் சின்னதாக அறிவிப்பு வரும், யாரும் படிப்பதில்லை. 2022இல் வந்த அருகாமைத் தேடல் இதற்குக் கைகொடுக்கிறது. சொற்றொடருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குள் தலைப்பு–சுருக்கம் என்ற புலக்குறி, முக்காற்புள்ளி, அலைக்குறி, அதன் பின் 0 போட்டால் இரண்டு சொல்லும் அடுத்தடுத்து இருப்பதை மட்டும் தரும். 3 போட்டால் இடையில் மூன்று சொல் வரை விடும். ஆனால் சொல்லின் முடிவு எதுவானாலும் ஏற்கச் சொல்லும் நட்சத்திரக்குறி அருகாமைத் தேடலில் வேலை செய்யாது. நட்சத்திரக்குறிக்கும் தனி விதி உண்டு: அதற்கு முன்னால் குறைந்தது நான்கு எழுத்தாவது வேண்டும், அதைப் போட்ட சொல்லுக்குத் தானியங்கி மெஷ் பொருத்தமும் நின்றுவிடும்.

வரியை எழுதி முடித்ததும் நல்ல நூலகர் முதலில் எண்ணிக்கையைப் பார்க்க மாட்டார். அவர் கேட்பது, ‘கட்டாயம் வந்தாக வேண்டிய கட்டுரைகள் எவை?’ ஆய்வாளருக்கு ஏற்கெனவே தெரிந்த ஐந்திலிருந்து பத்துக் கட்டுரைகளின் பப்மெட் எண்களை ஆர் போட்டு ஒரு வரியாக்குவார். பிறகு ‘அந்த வரி நாட் நம் தேடல்’ என்று ஓட்டுவார்; அதாவது, அந்தக் கட்டுரைகளில் நம் தேடலில் சிக்காதவை மட்டும் வரும். சுழி வந்தால் நல்லது. இரண்டு வந்தால் அந்த இரண்டையும் திறந்து, ஏன் சிக்கவில்லை என்று பார்ப்பார். தலைப்பில் ‘சித்தா ஃபார்முலேஷன்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள், அல்லது ஆங்கிலத்தில் ‘கஷாயம்’ என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சொல்லை வரியில் சேர்த்து மறுபடி ஓட்டுவார். பாதி நாள் இதிலேயே போகும். தேடல் தரமாவது இந்தப் பாதி நாளில்தான்.

விலங்கு ஆய்வுகளை நீக்க ‘நாட் அனிமல்ஸ்’ என்று போடுவது அடுத்த பெரிய விபத்து. மெஷ் மரத்தில் மனிதனும் விலங்குக் கிளைக்குக் கீழேதான் இருக்கிறான்! விலங்கை மொத்தமாக நீக்கினால் மனித ஆய்வுகளும் சேர்ந்து போகும். மருத்துவ ரிவியூக்களை நடத்தும் காக்ரேன் அமைப்பு பரிந்துரைக்கும் வடிவம் இரட்டை நாட்: ‘விலங்கு நாட் மனிதன்’ என்பதை அடைப்புக்குள் போட்டு, அந்த அடைப்பு முழுவதற்கும் முன்னால் இன்னொரு நாட். விலங்கு என்று மட்டும் குறியிட்டவை நீங்கும். இரண்டு குறியும் உள்ளவையும், எந்தக் குறியும் இல்லாதவையும் தங்கும். அடைப்புக்குறியை மறந்தாலும் ஆபத்துதான், ஏனென்றால் பப்மெட் இடமிருந்து வலமாகவே கணக்குப் போடும். ஆர் போட வேண்டிய சொற்களுக்கு அடைப்பு இல்லையென்றால் கடைசிச் சொல் மட்டும் தனியாக மிதந்து, சம்பந்தமில்லாத பல்லாயிரம் கட்டுரைகளை இழுத்துவரும். முடிவு 10,000ஐத் தாண்டினால் பப்மெட்டிலிருந்து ஒரே தடவையில் இறக்கவும் முடியாது.

பப்மெட்டோடு முடிந்தால் பரவாயில்லை. சிஸ்டமேட்டிக் ரிவியூவுக்கு எம்பேஸ், காக்ரேனின் சென்ட்ரல் என்ற இரண்டு தரவுத்தளங்களும் வேண்டும். எம்பேஸ் மெஷ்ஷைப் பயன்படுத்தாது. எம்ட்ரீ என்ற அதன் சொந்த அகராதி வேறு. பப்மெட் வரியை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் புலக்குறிகள் சொற்களாக மாறி, முடிவு சுழியாக வரும், அல்லது லட்சமாக வரும். ஒவ்வொரு தளத்துக்கும் வரியைப் புதிதாக எழுத வேண்டும். கூகுள் ஸ்காலர் கூடுதலாக இருக்கலாம்; முதன்மையாக இருக்கக்கூடாது. முதல் 1,000 முடிவுகளுக்கு மேல் அது காட்டாது, நீண்ட வரியையும் தாங்காது.

நிலவேம்பு போன்ற தலைப்புக்கு இந்த மூன்றும்கூடப் போதாது. சென்னையிலுள்ள மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஜர்னல், ஆயுஷ் ரிசர்ச் போர்ட்டல், பல்கலைக்கழகத் தீசிஸ்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பதிவு செய்தும் வெளியிடப்படாத ஆய்வுகளுக்கு, இந்தியாவின் மருத்துவப் பரிசோதனைப் பதிவேடான சிடிஆர்ஐ. 2007இல் தொடங்கிய இந்தப் பதிவேட்டில், 2009 ஜூன் 15 முதல் மருத்துவப் பரிசோதனைகளை முன்கூட்டியே பதிவது கட்டாயம். அதன் தேடல் பெட்டியில் நம் நீண்ட வரி எடுபடாது. ஒவ்வொரு எழுத்துக்கூட்டலாகத் தனித்தனியே தட்டிப் பதிவெண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். பதிவில் இருந்து, முடித்தும் விட்டதாகக் காட்டி, கட்டுரை மட்டும் வராத ஆய்வுகள் கண்ணில் படும். ரிவியூவில் அவற்றையும் சொல்ல வேண்டும்.

இத்தனை செய்தபின் இன்னொரு நூலகர் அந்த வரியைப் பரிசோதிப்பது நல்ல வழக்கம். அதற்கு பிரஸ் என்ற வழிகாட்டி இருக்கிறது, 2015 பதிப்பு. கேள்வி வரியாக மாறியது சரியா, ஆண்ட்–ஆர் சரியா, குறிச்சொற்கள், இயல்புச் சொற்கள், எழுத்துப்பிழையும் வரி எண்களும், வடிகட்டிகள் என ஆறு அம்சம். இவற்றில் வரி எண் பிழைதான் அதிகம் மாட்டும். பத்து வரிகளுக்கு நடுவே புதிதாக ஒரு வரியைச் செருகிவிட்டு, கீழே ‘3 ஆண்ட் 10’ என்று இருந்ததை மாற்றாமல் விட்டால் மொத்தமும் வேறு எதையோ தேடிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை நம்பும்படி இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

எழுதும்போது என்னென்ன பதிய வேண்டும் என்பதற்கு 2021இல் வந்த பிரிஸ்மா–எஸ் பட்டியல் இருக்கிறது; 16 அம்சங்கள். எந்தத் தளம், எந்த நிறுவனத்தின் வழியாக, எந்தத் தேதியில் ஓட்டியது, முழு வரி அப்படியே, வடிகட்டி போட்டிருந்தால் ஏன், நகல்களை எப்படி நீக்கியது. ‘உரிய குறிச்சொற்களைக் கொண்டு பப்மெட்டில் தேடினோம்’ என்று எழுதினால் இன்று நல்ல ஜர்னலில் ரெஃபரி திருப்பி அனுப்பிவிடுவார். நகல் நீக்கும்போதும் கவனம் வேண்டும். மாநாட்டுச் சுருக்கமும் பின்னால் வந்த முழுக் கட்டுரையும் ஒரே தலைப்பில் இருந்தால் மென்பொருள் இரண்டையும் ஒன்றென்று நினைத்து, முழுக் கட்டுரையைத் தூக்கிப் போட்டுவிடும். தானியங்கி நீக்கத்தை விட்டுவிட்டு, ஆண்டு, ஜர்னல், பக்க எண் மூன்றையும் கண்ணால் பார்ப்பதே உத்தமம்.

கற்பித்தலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலாண்டு மாணவர்களை மொத்தமாக ஹாலில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் நடத்தும் நூலக அறிமுக வகுப்பு வெறும் சடங்கு. கேள்வி கையில் இல்லாதவருக்குத் தேடல் ஏறாது. கெர்ட்ரூட் லாம் என்ற நூலகர் 1971இல் மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் நூலகர்களை வார்டு ரவுண்ட்ஸுக்கே அனுப்பினார். கட்டிலருகே கேள்வி எழும்போதே குறித்துக்கொண்டு, கட்டுரைகளைத் தேடித் தருவது அவர்கள் வேலை. கிளினிக்கல் லைப்ரேரியன் என்ற பதவி அப்படித்தான் பிறந்தது. நம் கூட்டத்துக்கும் ஆள் பற்றாக்குறைக்கும் ரவுண்ட்ஸ் ஒத்துவராது. ஆனால் புரோட்டோகால் சமர்ப்பிக்கும் மாதத்தில் துறைக்கு ஒரு மதியம், மாணவர் தன் சொந்தத் தலைப்போடு உட்காருவது எந்தக் கல்லூரியிலும் முடியும். ஜர்னல் கிளப்புக்கும் இது பொருந்தும்.

கட்டுரையைக் கண்டுபிடித்தபின் படிக்கக் கிடைப்பது தனிக் கதை. 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஜர்னல்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. தனியார் மருத்துவக் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. அரசுக் கல்லூரியில் படித்தும் ‘வரமாட்டேங்குது’ என்பவர்கள் பெரும்பாலும் ஹாஸ்டல் வைஃபையிலோ மொபைல் டேட்டாவிலோ இருப்பார்கள். வெளியிலிருந்து நுழையும் வழியை நூலகத்தில் கேட்டு வாங்கிக்கொண்டால் தீர்ந்தது.

இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் வேலை, இல்லாத மேற்கோள்களைப் பிடிப்பது. சாட்பாட்டிடம் கேட்டு எழுதிய அறிமுகப் பகுதியில் ஆசிரியர் பெயர் சரியாக இருக்கும், ஜர்னலும் உண்மையாக இருக்கும், அப்படியொரு கட்டுரை மட்டும் இருக்காது. ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய அடையாள எண்ணான டிஓஐயைத் தட்டிப் பாருங்கள். அது திறந்தாலும் வரும் தலைப்பு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் வேறொரு கட்டுரையின் எண்ணை ஒட்டிவைப்பதும் நடக்கிறது. எண்ணே இல்லையென்றால் பப்மெட்டின் சிங்கிள் சைட்டேஷன் மேட்சரில் ஜர்னல், ஆண்டு, தொகுதி, முதல் பக்கம் போட்டால் போதும். திரும்பப் பெற்ற கட்டுரைகளையும் இந்தச் சுற்றிலேயே பார்த்துவிடலாம். 2020 மே மாதம் லான்செட்டில் வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் கட்டுரையை, தரவைச் சரிபார்க்க முடியாததால் ஜூன் தொடக்கத்திலேயே திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதற்குள் இறக்கிவைத்த பிடிஎஃபில் ‘திரும்பப் பெற்றது’ என்ற முத்திரை இருக்காது. சோட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருளில் சேமித்துவைத்தால் திரும்பப் பெற்றவற்றுக்குச் சிவப்புப் பட்டை காட்டும்.

நூலகரை எப்போது பார்க்கப் போவது? ரிவியூக்களுக்கான பதிவேடான பிராஸ்பெரோவில் ரிவியூவைப் பதிவதற்கு முன்னால். எங்கெங்கே தேடுவீர்கள் என்று அங்கேயே கேட்பார்கள். தீசிஸ் என்றால் எத்திக்ஸ் கமிட்டிக்குப் போவதற்கு முன்னால். போகும்போது கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி எடுத்துப் போங்கள். தெரிந்த ஐந்து கட்டுரைகளின் பப்மெட் எண்கள், சேர்ப்பதற்கும் விலக்குவதற்கும் உங்கள் நிபந்தனைகள், இதுவரை தட்டிப் பார்த்த வரிகள் என எல்லாம் வேண்டும். உருப்படாத வரியாக இருந்தாலும் கொண்டுபோங்கள். எது ஏற்கெனவே தோற்றது என்று தெரிந்தால் அவருக்கு ஒரு மணி நேரம் மிச்சம். முழு ரிவியூவுக்கான தேடல் என்றால் வாரக் கணக்கில் நேரம் கொடுங்கள். வரியை உருவாக்கி, மற்ற தளங்களுக்கு மாற்றி, முறைப் பகுதியையும் எழுதித் தந்தவர் பெயர் ஆசிரியர் பட்டியலில் இருக்க வேண்டும். நன்றியுரையில் ஒரு வரி போதாது. இதையும் முதல் நாளே பேசிவிடுங்கள்.

சமர்ப்பிப்பதற்குள் ஓராண்டு ஓடியிருந்தால் அதே வரியை மறுபடி ஓட்டச் சொல்லி அவரிடம் கேளுங்கள். நுழைவுத் தேதியை வைத்துப் புதியவற்றை மட்டும் பிரித்துத் தருவார்.